புளூ-ரே வட்டில் தமிழ்ப் பட்டியல்

சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. அந்நகரின் சிராங்கூன் சாலையில் தீபாவளிக் காலத்து ஒளியூட்டைப் படமெடுத்து, வீட்டுக் கணினியில் தொகுத்துப் புளூ-ரே வட்டில் ஒருவர் பதிப்பதாகக் கொள்வோம். வட்டை இட்டதும் முதலில் தோன்றுவது பட்டியல். ‘கொண்டாட்டம்’ என்னும் பகுதிப் பெயர் அதில் தமிழிலேயே வருமா? வரும்.

புளூ-ரே பட்டியல் இருவகைப்படும். ஒன்று எச்.டி.எம்.வி.; மற்றொன்று பி.டி.-ஜே. பின்னது ஜாவா மொழியில் எழுதப்படும் நிரல். பெரிய திரைப்பட வெளியீடுகளுக்கு உரியது. வீட்டு மென்பொருள்கள் பெரும்பாலும் ஆக்குவது முன்னதையே. இதில் பொத்தான்கள் ஓவியங்களாகவே பதிகின்றன. வட்டியக்கி ஓவியத்தைக் காட்டுமேயன்றி எழுத்தை அறியாது. டிவிடியில் பட்டியலைக் காணப் படத்தை நிறுத்த வேண்டும். இங்கோ ஓடும் படத்தின் மேலேயே பட்டியலை எழுப்பலாம்.

ஆகவே, தமிழுக்குத் தடை வட்டில் இல்லை. இருப்பின் மென்பொருளில்தான் உண்டு. ‘கொண்டாட்டம்’ என்று தட்டும்போது ஒற்றைக்கொம்பு ககரத்தின் பின்னே சென்று நின்றால், அம்மென்பொருள் தமிழெழுத்தைக் கோக்க அறியாதது என்க. தீர்வு எளிது. தமிழைச் செவ்வனே காட்டும் வேறொரு மென்பொருளில் தலைப்பை எழுதி, அதைப் படமாகச் சேமித்துப் பட்டியலின் பின்னணியிலோ பொத்தானிலோ பொருத்துக. பதிக்குமுன் முன்னோட்டத்தில் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்க்க.

பேரனின் ஆட்டத்தைக் காண அமரும் பாட்டிக்கு ஆங்கிலப் பட்டியல் பூட்டிய கதவு. “கணினியில் தமிழ் வராது” என்று சோர்ந்து அதைப் பூட்டுவது பொறியன்று, நாமே.