உங்களுக்குத் தெரியுமா? ஆடும் குமிழுக்குப் பசை எதிரி

கரவெட்டிக் கோயில் திருவிழா மேடையேறும் பேஸ் கிற்றாரில், பக்கத் திருகாணியை இறுக்கியும் ஒலிக்குமிழ் ஆடினால் 0.35 மில்லிமீற்றரைச் சந்தேகியுங்கள். குமிழை மாட்டும் தண்டு, பிளவில்லாத அமெரிக்க வகையில் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ.; ஆசியத் தயாரிப்புகள் பலவற்றில் 6 மி.மீ. அமெரிக்க அளவுக் குமிழை 6 மி.மீ. தண்டில் மாட்டினால் ஆடத்தான் செய்யும். வெள்ளைக் குழாய் ரேப்பைத் தண்டில் சுற்றினால் இடைவெளி நிரம்பும். நடுவில் பிளந்த தண்டென்றால், மெல்லிய திருப்புளியால் பிளவை மயிரிழை விரித்தாலே போதும். முரட்டுக் கைக்கு அது ஒடிந்துவிடும். பசை சுலபமல்லவா என்பர். சுலபந்தான். ஆனால் குமிழுக்கடியில்தான் கட்டுப்பாட்டுப் பொறியைப் பிடித்திருக்கும் நட்டு இருக்கிறது. அது தளர்ந்தால் குமிழோடு பொறியே சுழன்று, உள்ளே ஈயம் பற்றவைத்த வயர் அறும். ஒட்டிய குமிழை உடைக்காமல் அந்த நட்டை எட்டுவது கடினம்.