பிளந்து வைத்த பப்பாளி

"சும்மா படம் காட்டாதே" என்று யாரையாவது அதட்டினால், சரக்கில்லாமல் வித்தை காட்டுகிறார் என்று அர்த்தம். அலுவலகங்களில் நடக்கும் பிபிடி கூட்டங்கள் பலவற்றுக்கும் இந்த வசவு அப்படியே பொருந்தும். அறுபது ஸ்லைடு, ஸ்லைடுக்குப் பத்து வரி, கேட்பவர்களுக்கு முதுகைக் காட்டியபடி அதை ஒப்பிக்க ஒருவர். ஐந்தாவது நிமிடமே பின்வரிசையில் கொட்டாவி தொடங்கிவிடும்.

பெங்களூரு கம்பெனிகள் இதைச் சரிசெய்யப் பயிற்சி வகுப்பெல்லாம் வைக்கின்றன. என்னைக் கேட்டால், ஒரு காலை நேரம் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் நின்று வேடிக்கை பார்த்தால் போதும்.

1927-ல் கட்டிய சந்தை அது. தமிழ், தக்னி உருது, கன்னடம் எல்லாம் ஒரே சந்தில் ஓடும். விற்பவருக்கு ஒரு மொழி, வாங்க வருபவருக்கு வேறொன்று. பழக்கடையில் பப்பாளிக் குவியலின் உச்சியில் ஒன்றை மட்டும் பிளந்து வைத்திருப்பார்கள். செக்கச்செவேலென்ற சதை, நடுவில் கறுப்பு விதை. "இனிப்பா இருக்குமா?" என்று கேட்டால் பேச்சில் பதில் வராது. கத்தி நுனியில் ஒரு கீற்று நீளும். "சாப்ட்டுப் பாருங்கக்கா." விலைப் பேச்சு அதற்கப்புறம்தான்.

கவனியுங்கள்: வெட்டியது ஒரே ஒரு பழம். கீற்று நீண்டது கேள்வி எழுந்த பிறகு. வாயால் சொல்ல முடியாத இனிப்பைத்தான் அந்தக் கீற்று சொன்னது. பேச்சுக்குத் துணைவரும் காட்சிக் கருவி என்பதன் இலக்கணம் இவ்வளவுதான்.

இருட்டில் ஒளிர்ந்த கல்

சிவாஜிநகரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 1948-ல் சர் சி.வி. ராமன் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருச்சியில் பிறந்த அவர் 1933-ல் பெங்களூரு வந்து, 1970-ல் மறையும்வரை இங்கேயே இருந்தார். வைரம், தாதுக் கற்கள், பட்டாம்பூச்சிகள் என்று அவர் தேடிச் சேர்த்தவை அங்கே அருங்காட்சியகமாக இருக்கின்றன. அவற்றில் சில கற்கள் வெளிச்சத்தில் ஒன்றுக்கும் உதவாத மாதிரி இருக்கும். இருட்டில் புறஊதா ஒளி பட்டதும் தகதகவென்று ஒளிரும். ஒளிர்தல் என்றால் என்ன என்று பத்துப் பக்கம் எழுதி விளக்கலாம். கண் ஒரு நொடியில் பிடித்துக்கொள்கிறது.

கடைசி வரியில் இருந்த ஆபத்து

காட்ட வேண்டியதைப் புதைத்துவிடும் ஸ்லைடும் உண்டு. 2003 ஜனவரி 16-ல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேருடன் கிளம்பியது நாசாவின் கொலம்பியா விண்கலம். ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைப்பஞ்சுத் துண்டு ஒன்று கழன்று இடது இறக்கையில் மோதியது. சேதம் எவ்வளவு என்று பொறியாளர்கள் மேலிடத்துக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில் இருந்தது. மோதிய துண்டை 1,920 கன அங்குலம் என்று கணக்கிட்டிருந்தார்கள். சோதனையில் பயன்படுத்தியதோ வெறும் 3. இந்த 640 மடங்கு வித்தியாசம் புல்லட் பாயிண்டுகளுக்கு அடியில், கடைசி வரியில் பொடி எழுத்தில் கிடந்தது. பிப்ரவரி 1-ல் திரும்பும் வழியில் விண்கலம் சிதறியது. ஏழு பேரும் மாண்டார்கள். ஸ்லைடைப் படித்த அதிகாரிக்கு அது உயிர்போகும் விஷயம் என்று உறைக்காமல் போயிருக்கலாம் என்று விசாரணைக் குழு எழுதியது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. அதே நாசாவின் சேலஞ்சர் விண்கலம் 1986-ல் வெடித்தபோது, விசாரணையில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் அதன் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையத்தின் துண்டொன்றைக் கவ்வியில் நெருக்கி, மேஜை மேலிருந்த ஐஸ் தண்ணீரில் போட்டார். சற்றுப் பொறுத்து எடுத்துக் கவ்வியைத் தளர்த்தினார். குளிரில் விறைத்த ரப்பர் சட்டென்று பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. விபத்தின் காரணத்தை ஒரு கிளாஸ் தண்ணீரில் உலகமே பார்த்தது.

நாளைக்கே செய்யலாம்

ஒரு ஸ்லைடுக்கு ஒரு சேதி போதும். அதைத் தலைப்பிலேயே முழு வாக்கியமாக எழுதுங்கள். 'விற்பனை நிலவரம்' என்பதை விட 'மழை மாதங்களில் விற்பனை சரிகிறது' என்பது பேசும். கிராஃபில் உங்கள் வாதத்துக்குத் தேவையான கோடு மட்டும் அழுத்தமான நிறத்தில் இருக்கட்டும், மற்றவை சாம்பலில். சிவப்பும் பச்சையும் சிலருக்குப் பிரித்துத் தெரியாது, அந்த ஜோடியைத் தவிருங்கள். கூட்டத்துக்கு முன்பே கடைசி நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் எழுத்தைப் படித்துப் பாருங்கள். கையில் தொட்டுப் பார்க்க முடிந்த பொருளென்றால் அதையே கொண்டு போங்கள். ஆனால் பேசத் தொடங்கும் முன்பே சுற்றுக்கு விட்டால், உங்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். காட்டி முடித்ததும் கீபோர்டில் ஆங்கில 'B' எழுத்தைத் தட்டுங்கள். பவர்பாயிண்டில் திரை கறுப்பாகி, எல்லோர் பார்வையும் உங்கள் முகத்துக்குத் திரும்பும்.

இன்னொன்று. காலையில் பிளந்த பப்பாளி வெயில் ஏற ஏற வாடி, ஈ மொய்க்கத் தொடங்கும். பழக்காரர் அதை ஓரம் தள்ளிவிட்டு, குவியலிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பிளப்பார். நாமோ போன வருஷத்து ஸ்லைடில் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்புகிறோம்.