குரங்கணிக்கு முன்னாடி எக்மோர்ல ரெண்டு மணி நேரம்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "ப்ரோ, குரங்கணி ட்ரெக் போனா என்னென்ன பார்க்கலாம்?" சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஹோம்வொர்க். ஒரு சனிக்கிழமை எக்மோர் அருங்காட்சியகத்துக்குப் போயிட்டு வாங்க. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

எனக்குச் சொந்த ஊர் போடி. அங்கிருந்து குரங்கணி சுமார் 16 கிலோமீட்டர். எங்க மாமா ஏலத்தோட்டத்துல வேலை பார்த்தவர். 2017 டிசம்பர்ல, நான் மூணாவது வருஷம் இன்ஜினியரிங் படிக்கும்போது, அவர் கூட மேல நடந்தேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பச்சை, பச்சை, அப்புறம் வியூ. வழியில ஒரு கொம்பு கிடந்துச்சு. "பாவம், மான் செத்துருச்சு போல"ன்னேன். மாமா சிரிச்சார். "சாகல மாப்ள, கழட்டிப் போட்டுட்டுப் போயிருக்கு."

அந்தப் பதில் எனக்கு முழுசா விளங்கினது சில வருஷம் கழிச்சு, வேலைக்காகச் சென்னை வந்து, எக்மோர்ல எலும்புகளுக்கு முன்னாடி நின்னப்போதான்.

1851-ல தொடங்கின இடம் அது. முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபோர், ஒரு டாக்டர். உயிரோட இருக்கிற விலங்குகளையும் அங்க வச்சிருந்தார், பார்க்கக் கூட்டம் அள்ளுச்சு. அதுல இருந்துதான் 1855-ல சென்னை மிருகக்காட்சி சாலை பிறந்துச்சு. அதுதான் பின்னாடி வண்டலூருக்குப் போனது.

சரி, உள்ள போய் என்ன பண்றது? எல்லாரும் திமிங்கில எலும்புக்கூடு முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு வெளிய வந்துடுவாங்க. நீங்களும் எடுங்க, தப்பில்ல. அதுக்கப்புறம் மூணு வேலை பண்ணுங்க.

முதல்ல, மண்டை ஓட்டுல கண்குழி எங்க இருக்குன்னு பாருங்க. வேட்டையாடுற விலங்குக்குக் கண் முன்பக்கம் பார்த்திருக்கும், தூரத்தைச் சரியா அளக்கணும்ல. மேயுற விலங்குக்குப் பக்கவாட்டுல இருக்கும், பின்னாடி வர்றவனையும் பார்க்கணும்.

ரெண்டாவது, பல். மான், மாடு இதுக்கெல்லாம் மேல்தாடையில முன்பல் கிடையாது. அதனால இலையைப் பிடிச்சு இழுத்துக் கிழிக்கும். முயலுக்கும் முள்ளம்பன்றிக்கும் மேலயும் கீழயும் உளிப்பல். கத்தரியில வெட்டின மாதிரி இருக்கும். இது தெரிஞ்சா, காட்டுப் பாதையில ஒரு செடியோட நுனியைப் பார்த்தே யார் சாப்பிட்டதுன்னு ஓரளவு சொல்லிடலாம்.

மூணாவது, கொம்பு. காட்டுமாட்டுக்கு எலும்பு மேல உறை போட்ட கொம்பு. ஆயுசுக்கும் அதுதான். கடமானுக்கு முழுக்க எலும்பு. விழும், திரும்ப முளைக்கும். மாமா சொன்னது இதைத்தான்.

இதுல ஏதாவது ஒண்ணை நோட்டுல வரைஞ்சு பாருங்க. அழகா வரணும்னு இல்ல. போட்டோ எடுத்தா ஒரு செகண்ட்தான் பார்ப்போம், வரைஞ்சா பத்து நிமிஷம் பார்ப்போம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்னைக்குப் போய் நிக்காதீங்க.

கோவைக்காரங்களுக்கு இன்னும் கிட்ட ஒண்ணு இருக்கு: வனத்துறை வளாகத்துல, 1902-ல திறந்த காஸ் வன அருங்காட்சியகம். காடு மட்டுமே அங்க பாடம். மரத்துண்டுகளைப் பார்க்கும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. தேக்குல வருஷ வளையம் இருக்கும். தீ சுட்டா அந்த இடத்துல வடு விழும், அடுத்த வருஷங்களோட வளையம் அதைச் சுத்தி மூடி வளரும். காடு எரிஞ்ச வருஷத்தை மரம் மறக்கிறதில்ல.

நான் மறந்துட்டேன்.

அந்த டிசம்பர்ல மாமா இன்னொண்ணும் சொல்லியிருந்தார். இடுப்பளவு புல்லைத் தடவிக்கிட்டே, "இப்ப பச்சையா இருக்கு மாப்ள. மாசியில வந்து பாரு, தீப்பெட்டி." பிப்ரவரி கடைசியில கிளாஸ்மேட் ஒருத்தன் குரங்கணி போகலாமான்னு கேட்டான். நான் அனுப்பின பதில்: "போ மச்சி, செம வியூ." நல்லவேளை, அவனுக்கு வேற வேலை வந்து போகலை.

2018 மார்ச் 11. மாசி மாசம். குரங்கணி மலையில தீ. ட்ரெக் போனவங்கள்ல 23 பேர் இறந்துட்டாங்க. நிறைய பேர் நம்ம வயசு.

சரிவுல தீ எப்படி ஏறுதுன்னு அப்புறம்தான் படிச்சேன். மேல் பக்கம் இருக்கிற புல்லை அந்தச் சூடு முன்கூட்டியே காய வச்சுடும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயோட வேகம் சுமார் ரெண்டு மடங்காகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 20 டிகிரின்னா நாலு மடங்கு. அதே சரிவுல நம்ம வேகம் குறையும். இந்தக் கணக்குல நாம ஜெயிக்கவே முடியாது. அந்தப் புல்லு முன்னாடி நிக்காம இருக்கிறது மட்டும்தான் வழி.

அதனால குரங்கணிக்குப் போங்க, ஆனா சரியான மாசத்துல. 2024-ல வனத்துறை ஆரம்பிச்ச ட்ரெக் தமிழ்நாடு பட்டியல்ல குரங்கணி–சாம்பலாறு பாதை இருக்கு. முன்பதிவு பண்ணி, உள்ளூர் வழிகாட்டியோட போங்க. தீ சீசன்ல பாதையை மூடினா, குறுக்கு வழி தேடாதீங்க.

போனா என்ன பார்க்கலாம்? மலையணில் கூடு, கடிபட்ட செடி நுனி, கழட்டிப் போட்ட கொம்பு. கொம்பை அங்கேயே விட்டுட்டு வாங்க, முள்ளம்பன்றி கடிச்சுத் திங்கும். அப்புறம் கூட வர்ற வழிகாட்டிகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, இந்தப் புல் மாசியில எப்படி இருக்கும்?"

பதிலை மறக்காதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.