சேர்த்த கையும் பிரித்த கையும்

எங்கள் அமிர்தகழிக்கு அண்மையிலுள்ள கடற்கரையில் கரைவலை இழுப்பதைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். வலையின் இரு கயிறுகளையும் இரு பக்கத்தாரும் இசைந்து இழுத்தாலன்றி மீன் கரை சேராது. ஒரு பக்கத்தார் கை நெகிழ்ந்தால், மறு பக்கத்தார் எத்துணைப் பலசாலிகளாயினும் பயனில்லை. தொழிலாளர் இயக்கமும் அத்தகையதே. இலங்கையில் தொழிலாளரை ஓரணியாகச் சேர்த்துப் புகழ்பெற்ற ஒருவரே பின்னர் அவர்களைப் பிரித்தும் வைத்தார். அவர்தாம் ஏ. ஈ. குணசிங்கா.

குணசிங்கா தோன்றுமுன் தொழிலாளரின் குறைகளைக் கனவான்கள் சிலர் மனுவாக எழுதி அரசினரிடம் சமர்ப்பித்து வந்தனர். 1922இல் இலங்கைத் தொழிற்சங்கத்தை நிறுவிய குணசிங்காவோ, கேட்பவன் தொழிலாளியாகவே இருக்கவேண்டும் என்றார். 1923இல் கொழும்புப் புகையிரதத் தொழிற்சாலையில் மூண்ட வேலைநிறுத்தம் நகரமெங்கும் பரவியது. ஏறத்தாழ 20,000 பேர் அதில் பங்குகொண்டனர். உடனடியாகக் கிடைத்த பலன் சொற்பமே. ஆயினும், தாம் கைவிட்டால் சக்கரங்கள் சுழலா என்பதைத் தொழிலாளர் கண்டுகொண்டனர்.

1927இல் துறைமுகத் தொழிலாளர் எழுந்தனர். 1929இல் டிராம் வண்டித் தொழிலாளர் எழுந்தபோது மருதானையில் பொலிசார் சுட்டனர், உயிர்கள் பலியாயின. அவ்வாண்டிலேயே முதலாளிமார் சம்மேளனம் தொழிற்சங்கத்துடன் உடன்படிக்கை செய்தது. டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, படித்த தலைவர்கள் பலர் தயங்கி நிற்க, ஏழை எளியவர்க்கும் வாக்குரிமை வேண்டுமென்று குணசிங்காவின் இயக்கம் வாதாடியது. அன்று அவர் பின்னே சிங்களவரும், தமிழரும், மலையாளிகளும், முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்றனர். தஞ்சையிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் அவருக்கு வலக்கரமாக விளங்கினார்.

பிறகு காற்றுத் திசை மாறியது. உலகப் பொருளாதார மந்தத்தால் வேலைகள் குறைந்தன. வேலையைப் பறித்தது மந்தமா, முதலாளியா, பக்கத்தில் நிற்கும் தொழிலாளியா என்ற கேள்வி எழுந்தது. குணசிங்கா பக்கத்தில் நிற்பவனையே சுட்டிக் காட்டினார். இந்தியத் தொழிலாளரை, சிறப்பாக மலையாளிகளை, வெளியேற்றவேண்டுமென்று மேடைதோறும் முழங்கினார். 1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அங்கு உழைத்தோருட் பெரும்பாலோர் மலையாளிகள். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் அவர்களுக்குத் துணைநின்றனர். பழைய தொழிலாளர் தலைவரோ, அவ்வேலைநிறுத்தத்தை முறியடிக்க ஆள் சேர்த்தார்! நடேசய்யர் அதற்கு முன்பே பிரிந்து சென்று, 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் அமைத்திருந்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக்களால் அத்தொழிலாளரைத் தட்டியெழுப்பினார்.

இது நம் நாட்டுக்கே உரிய குறையன்று. பிரித்தானியாவில் கப்பல் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பிய ஹவ்லொக் வில்சன், 1911இல் மாபெரும் வேலைநிறுத்தத்தை நடத்தியவர். அவரே சீன மாலுமிகளுக்கெதிராகப் பகையை வளர்த்தார். 1926இல் அந்நாட்டுத் தொழிலாளர் திரண்டு பொது வேலைநிறுத்தம் செய்தபோது தம் சங்கத்தை அதனின்றும் விலக்கி வைத்தார். பக்கத்துத் தொழிலாளியைப் பகைவனாகக் காணப் பழகிய கண், பின்னர் முதலாளியை நண்பனாகக் காண்பதில் வியப்பில்லை.

வகுப்பறையில் இச்சரித்திரத்தைக் கூறினால் மாணவர் இரு கட்சியாகிவிடுவர். "அவர் வீரர்" என்பர் சிலர். "துரோகி" என்பர் சிலர். இரண்டும் முழுமையல்ல. கொழும்பில் குணசிங்கபுரம் அவர் பெயரைத் தாங்கி நிற்பது நியாயமே; நாம் இன்று இயல்பாக எண்ணும் உரிமைகள் சிலவற்றுக்கு அவர் வழி கோலினார். ஆயின், வெள்ளவத்தையில் அவர் செய்ததை மறைப்பது அநியாயம். வரவையும் செலவையும் ஒரே ஏட்டில் எழுதுவதே சரித்திரம்.

அந்த ஏட்டில் மற்றொரு பெயரும் உண்டு. 1947 ஜூன் 5ஆந் தேதி, அரசாங்க ஊழியரின் வேலைநிறுத்த ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டதில் கந்தசாமி என்னும் எழுதுவினைஞர் உயிர் நீத்தார். அவர் தமிழர். உடன் நடந்தவர்களுட் பலர் சிங்களவர். தலைவர் என்ற பட்டமோ நகரத்தந்தை என்ற பதவியோ அவருக்கு வாய்க்கவில்லை. குணசிங்கா இடையில் நழுவவிட்ட கயிற்றை அவர் இறுதிவரை பற்றியிருந்தார்.

எந்தத் தலைவரையும் எடைபோட விரும்பும் இளைஞர்கள், எத்தனை வேலைநிறுத்தங்களை அவர் வென்றார் என்று மட்டும் கேட்டல் போதாது. வென்றபோது அவர் யாரை வெளியே நிறுத்தினார் என்றும் கேட்டல் வேண்டும். இரண்டாவது கேள்விக்குரிய விடையே அவருடைய மெய்யான எடையைக் காட்டும்.