ஒரு சனிக்கிழமையின் பல ஆண்டுகள்

திண்டிவனம் டீக்கடை ஒன்றில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி, கீழே தமிழ்த் தேதியும் வருஷத்தின் பெயரும், ஓரத்தில் ஹிஜ்ரி. ஒரே நாளுக்கு மூன்று கணக்கு. கிழித்தால் மூன்றும் ஒன்றாகப் போகும்.

விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் 'கிராமம்' என்றே ஓர் ஊர் உண்டு. பேரைச் சொன்னால், "எந்தக் கிராமம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அங்குள்ள சிவன் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவன் வெள்ளன் குமரன். மலைநாட்டுக்காரன் (இன்றைய கேரளம்), பராந்தக சோழனின் மகன் இராசாதித்தனுக்குப் படைத்தலைவன்.

சோழர் கல்வெட்டுகள் பெரும்பாலும் இன்ன அரசனுக்கு யாண்டு இத்தனை என்பதோடு நின்றுவிடும். அவன் பட்டமேறிய ஆண்டு தெரியாதவருக்கு அது தெருப்பெயர் இல்லாத கதவு எண். கிராமம் கோயிலில் உள்ள கல்வெட்டோ பராந்தகனின் 36-ஆம் ஆண்டோடு கலியுகம் 4044 என்றும், கலி நாள் 1477037 என்றும் சேர்த்துச் சொல்கிறது.

ஆண்டு எண்ணை நம்பினால் அது நடப்பு ஆண்டா, கழிந்த ஆண்டா என்ற வழக்கு தீராது. நாள் எண்ணில் அந்த வழக்கு ஒரே நாளுக்குள் அடங்கிவிடும். கலி பிறந்தது வெள்ளிக்கிழமை என்பது மரபு. 1477037-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 2. வெள்ளி ஒன்று, சனி இரண்டு. கி.மு. 3102 பிப்ரவரி 18-ஐ முதல் நாளாக வைத்து எண்ணிவந்தால் கி.பி. 943 ஜனவரி 14-இல் வந்து நிற்போம், அதுவும் சனிக்கிழமைதான். அங்கிருந்து பின்னோக்கிப் போய்த்தான் பராந்தகன் 907-இல் ஆட்சிக்கு வந்தான் என்று கணித்தார்கள்.

ஜனவரி 14 என்றதும் பொங்கல் என்று நினைக்க வேண்டாம். அன்றைய ஐரோப்பிய நாட்காட்டி வேறு. சங்கராந்தியும் நூற்றாண்டுதோறும் மெல்லத் தள்ளி வந்திருக்கிறது. அன்று தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அதே ஆண்டு சகத்தில் 864, ஹிஜ்ரியில் 331, நாம் பிற்பாடு வகுத்த திருவள்ளுவர் ஆண்டில் 974. அறுபதாண்டுச் சுற்றில் சுபகிருது. 2022 சித்திரையில் பிறந்ததும் சுபகிருதுதான், நடுவே 18 சுற்று! பேரை மட்டும் வெட்டியிருந்தால் திண்டாட்டம்தான்.

படைத்தலைவனின் மலைநாட்டுக் கொல்லம் கணக்கில் அது 118. கலி நாளை எண்ணும் வழக்கத்தை அவன்தான் கையோடு கொண்டுவந்திருப்பான் என்பது என் ஊகம். கேரளத்தார் அதில் கெட்டிக்காரர்கள்: மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி நாராயணீயத்தை முடித்த நாளான 1712210-ஐ அதன் கடைசிச் சொற்களுக்குள்ளேயே எழுத்தெண்ணாக ஒளித்து வைத்திருக்கிறார்.