லென்ஸை மூடி எடுத்த படம்

மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் 1882-ஆம் ஆண்டில் ஆங்கிலோ-இந்திய சமூகத்தாரின் சங்கத்துக்கு வழங்கிய நிலத்திலே எழுந்ததுதான் வைட்ஃபீல்ட் என்னும் ஊர். அதன் நடுநாயகமான இன்னர் சர்க்கிள் பகுதியில், அடுக்குமாடிகளுக்கு இடம் கொடாமல் பழைய ஓட்டு வீடுகள் சில இன்னும் எஞ்சி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில், கனத்த சுவர்களும் ஒற்றை ஜன்னலும் உள்ள பின்னறையில், முற்பகல் வேளையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, வெளியே வெயிலில் பளபளக்கும் மாவிலையின் நரம்பும், அறையின் மூலையில் கட்டிலுக்குப் பின்னே இருக்கும் அலமாரிக் கதவின் கொக்கியும், தலையைச் சற்றே திருப்பிய மாத்திரத்தில் மாறி மாறித் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் மாவிலையின் பிரகாசம் கெடாதபடி கேமராவில் எடுத்த படத்திலோ மூலை முழுவதும் கரியாகிவிடுகிறது. அந்தக் கரியைக் கணினியில் வெளிச்சமாக்க முயன்றால், கொக்கி வரவேண்டிய இடத்தில், மணலை வாரி இறைத்தாற்போன்ற பொரிப்புள்ளிகளும், சில கேமராக்களில் தறியில் ஏற்றிய பாவு நூலைப்போல வரிவரியான கோடுகளும் எழுந்து வருகின்றன. புகைப்படக்காரர்கள் இதை 'நாய்ஸ்' என்கிறார்கள். இரைச்சல் என்று நான் எழுதப்போவதும் இதையே.

அந்த அறைக்கு என்னோடு வந்திருந்த இளைஞர், டெக் பார்க்கில் உத்தியோகம் பார்ப்பவர், விடுமுறை நாட்களில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர், தம்முடைய பழைய கேமராவையும் புதிய கேமராவையும் மேஜைமேல் வைத்துவிட்டு, "ரெண்டுலயும் ஒரே செட்டிங்ல எடுத்துட்டு, ஷேடோவைத் தூக்கிப் பாருங்க சார், அப்பத்தான் வித்தியாசம் தெரியும்" என்றார். அவர் சொன்னபடியே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ன, அதில் எவ்வளவு யந்திரத்தின் குறை, எவ்வளவு ஒளியின் ஸ்வபாவம் என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சார்களை ஒப்பிட்டுப் பேசுகிறவர்களில் பலர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒளி, குழாயிலிருந்து இடைவிடாது ஒழுகும் நீரைப்போல நமக்குத் தோன்றினாலும், உண்மையில் அது தனித்தனித் துகள்களாகவே வந்து விழுகிறது. ஓட்டுக் கூரையின்மேல் தூறல் விழும்போது, ஒரே அளவான ஓடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும், ஒன்றின்மேல் ஒன்பது துளியும் மற்றொன்றின்மேல் ஐந்து துளியும் விழுவதுபோல, சென்சாரின் ஒவ்வொரு பிக்சலிலும் ஒளித்துகள்கள் ஏற்றத்தாழ்வாகத்தான் விழுகின்றன. இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரு கணக்கு உண்டு: சராசரியாக எத்தனை துகள் விழுமோ அதன் வர்க்கமூலமே ஏற்றத்தாழ்வின் அளவு. பத்தாயிரம் துகள் பதிவாகும் பிரகாசமான இடத்தில் ஏற்றத்தாழ்வு நூறு, அதாவது நூற்றில் ஒரு பங்கு. கண்ணுக்கு அது புலப்படாது. ஒன்பதே துகள் பதிவாகும் இருண்ட மூலையிலோ ஏற்றத்தாழ்வு மூன்று, அதாவது மூன்றில் ஒரு பங்கு. நிழலில் இரைச்சல் மிகுவதற்கு முதற்காரணம் இதுதான். இதை எந்தத் தொழிற்சாலையும் திருத்த முடியாது. இன்னும் அதிக ஒளியைச் சேர்ப்பதைத் தவிர இதற்குப் பரிகாரம் இல்லை.

இரண்டாவது காரணம் யந்திரத்தைச் சேர்ந்தது. துகள்கள் விழுந்து எழுப்பிய மின்னேற்றத்தை அளந்து எண்ணாக எழுதும்போது, அளக்கும் சுற்றே தன் பங்குக்குச் சிறிது தடுமாற்றத்தைச் சேர்க்கிறது. இதற்கு வாசிப்பு இரைச்சல் என்று பெயர். இது மூன்று எலக்ட்ரான் அளவே உள்ள ஒரு சென்சாரையும், முப்பது எலக்ட்ரான் அளவு உள்ள மற்றொன்றையும் எடுத்துக்கொள்வோம். இரைச்சல்கள் நேராகக் கூடுவதில்லை. அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன. ஆகவே பத்தாயிரம் துகள் விழுந்த இடத்தில் முதல் சென்சாரின் மொத்த இரைச்சல் ஏறத்தாழ 100, இரண்டாவதன் இரைச்சல் ஏறத்தாழ 104. வெயிலில் எடுத்த படத்தை எத்தனை பெரிதாக்கிப் பார்த்தாலும் இந்த வித்தியாசத்தை ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார். ஒன்பது துகள் விழுந்த மூலையிலோ முதலாவதன் இரைச்சல் நான்கு சொச்சம், இரண்டாவதன் இரைச்சல் முப்பது. ஒன்பது என்ற செய்தி நான்கு என்ற இரைச்சலுக்குள் ஒருவாறு பிழைத்துக்கொள்ளும், முப்பது என்ற இரைச்சலுக்குள் அடியோடு மூழ்கிப்போகும்.

நான் எடுத்துக்கொண்ட எண்கள் வெறும் கற்பனை அல்ல. 2012-இல் விற்பனைக்கு வந்த கேனான் 5டி மார்க் 3, நிக்கான் டி800 ஆகிய இரு கேமராக்களும் ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறன் அளவை 100-இல் வைத்தபோது ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருந்தன: கேனான் முப்பதின் பக்கம், நிக்கான் மூன்றின் பக்கம். மிகுந்த பிரகாசத்துக்கும் இரைச்சலில் மூழ்காத இருட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை, அதாவது அவற்றின் ஒளி வீச்சை, அளந்த டிஎக்ஸ்ஓ நிறுவனம் முன்னதற்கு 11.7 ஸ்டாப் என்றும், பின்னதற்கு 14.4 ஸ்டாப் என்றும் கண்டது. ஒரு ஸ்டாப் என்பது இரட்டிப்பு, ஆகையால் 2.7 ஸ்டாப் என்பது ஏறத்தாழ ஆறரை மடங்கு. இரண்டும் ஒரே அளவுச் சென்சார், ஒரே ஆண்டில் பிறந்தவை, இரண்டும் கைதேர்ந்தவர்களின் கைக்கருவிகள். பிறகு ஏன் இத்தனை தூரம்?

அளவை எங்கே நடக்கிறது என்பதில் இருக்கிறது விடை. அறுவடைக் காலத்தில் நெல்லைக் களத்துமேட்டிலேயே மரக்காலால் அளந்து கணக்கு எழுதிவிட்டால், பிறகு வண்டி எத்தனை குலுங்கினாலும் கணக்கு மாறாது. அளக்காமல் வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோய் அளந்தால், வழியில் கலந்த தூசும் மண்ணும் சேர்ந்தே அளவையில் ஏறும். பழைய முறையில், சென்சாரில் சேர்ந்த மின்னேற்றம் மெல்லிய மின்னழுத்தமாகவே சென்சாருக்கு வெளியே பயணம் செய்து, வேறொரு சில்லில் எண்ணாக மாறியது. வழியில் மற்றச் சுற்றுகளின் சலனமெல்லாம் அதில் கலந்தது. சோனி நிறுவனம் 2007-இல் எக்ஸ்மோர் என்ற பெயரில் கொண்டுவந்த சென்சார்களில், பிக்சல்களின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அதன் காலடியிலேயே எண்ணாக்கும் கருவி அமைந்துவிட்டது. டி800-இல் இருந்தது சோனியின் இவ்வகைச் சென்சார்தான். கேனானும் 2016-இல் 5டி மார்க் 4 கேமராவில் அளவையைச் சென்சாருக்குள்ளேயே கொண்டுவந்த பிறகு, அதன் வீச்சு 13.6 ஸ்டாப்புக்கு உயர்ந்தது.

இதிலிருந்து இன்னொரு நுட்பமும் விளங்குகிறது. ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துவது என்றால், பயணத்துக்கு முன்பே மின்னழுத்தத்தைப் பெருக்கி அனுப்புவது. பெரிதாகப் பெருக்கிவிட்டால் வழியில் கலக்கும் தூசு ஒரு பொருட்டாவதில்லை. அதனால்தான் ஐ.எஸ்.ஓ. 3200-ஐ ஒட்டி அந்த இரு கேமராக்களுக்கும் இடையே இருந்த தூரம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பழைய கேமராவை வைத்திருப்பவர் இருட்டில் ஐ.எஸ்.ஓ.வை அஞ்சாமல் உயர்த்தியே எடுக்கவேண்டும். புதிய கேமரா உள்ளவர் 100-இல் எடுத்துவிட்டுப் பிறகு தூக்கிக்கொண்டாலும் பெரிதாக நஷ்டமில்லை. ஆகவே எந்த ஐ.எஸ்.ஓ. என்று சொல்லாமல், 'இந்தச் சென்சார் அந்தச் சென்சாரைவிட மேல்' என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமில்லை.

இந்த விஷயத்தை வைட்ஃபீல்டில் இருந்துகொண்டு சிந்திப்பவர், கடுகோடியைக் கடந்து வடக்கே ஹொசகோட்டேக்குச் செல்லும் சாலையை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கிரெஸ்ட் வளாகம் இருக்கிறது. லடாக்கில், ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி நிற்கும் இரண்டு மீட்டர் தொலைநோக்கியை, ஹொசகோட்டேயில் உட்கார்ந்தபடியே செயற்கைக்கோள் இணைப்பின் மூலம் இயக்குகிறார்கள். 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் முதல் ஒளியைக் கண்ட அந்தத் தொலைநோக்கியில், மங்கிய வான்பொருள்களைப் படமெடுக்கும் கருவி ஒன்றில் நெடுங்காலம் உழைத்த சிசிடி சென்சாரின் வாசிப்பு இரைச்சல் 4.8 எலக்ட்ரான் என்று, அதைக் கொண்டு எழுதப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் மறவாமல் குறிப்பிடுகின்றன. நம் பைக்குள் இருக்கும் கேமராவின் இரைச்சல் அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்பது ஆச்சரியமான செய்திதான். ஆனால் அந்தச் சென்சாரைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து வைத்திருந்தார்கள். ஒளியே படாவிட்டாலும், வெப்பத்தின் காரணமாகப் பிக்சல்களில் தாமாகவே எலக்ட்ரான்கள் ஊறுகின்றன. ஏழெட்டு டிகிரி வெப்பம் கூடினால் அந்த ஊற்று ஏறக்குறைய இரட்டிக்கும். நொடியில் நூற்றில் ஒரு பங்கு எடுக்கும் படத்தில் அது கணக்கில் வராது. அரைமணி நேரம் திறந்திருக்கும் வானியல் படத்தில் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். நம்மவர்கள் சித்திரை இரவில் சென்னைக் கடற்கரையில் நெடுநேரம் திறந்துவைத்து எடுக்கும் படத்தில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் முளைப்பதும் இதனால்தான்.

அதே ஹொசகோட்டே வளாகத்தில் ஒருங்கிணைக்கப்பட்டு, 2015 செப்டம்பர் 28 அன்று ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் விண்ணுக்குச் சென்ற புற ஊதாத் தொலைநோக்கி, இந்த வாசிப்பு இரைச்சலை வேறு உபாயத்தால் வென்றது. அதன் புற ஊதாக் கண்களில், வந்து விழும் ஒவ்வொரு ஒளித்துகளும் முதலில் ஒரு பெருக்கியில் பல்லாயிரம் மடங்காகப் பெருகி, ஒரு சிறு ஒளித்தெறிப்பாகச் சென்சாரின்மேல் படுகிறது. விநாடிக்குச் சுமார் 29 தடவை சென்சாரைப் படித்து, தெறிப்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். எவ்வளவு என்று கேட்காமல் உண்டா இல்லையா என்று கேட்பதனால், அளவையின் தடுமாற்றம் விடையைத் தொடுவதில்லை. எஞ்சுவது, நான் முதலில் சொன்ன, கூரைமேல் விழும் தூறலின் ஏற்றத்தாழ்வு ஒன்றே.

வானியலாரிடமிருந்து சாதாரணப் புகைப்படக்காரர் கற்றுக்கொள்ளக்கூடிய எளிய பழக்கம் ஒன்று உண்டு. ஒளி புகும் ஷட்டர் கதவை மூடிய நிலையில், ஒளி சிறிதும் படாமல், வெற்று இருட்டையே அவர்கள் பலமுறை படமெடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நாமும் லென்ஸின் மூடியைப் போட்டு, மிகக் குறுகிய நேரத்தில், படமாகப் பதப்படுத்தாத ரா வடிவில் ஒரு படம் எடுத்து, அதைக் கணினியில் ஐந்து ஸ்டாப் தூக்கிப் பார்த்தால், அந்தச் சென்சாரின் அந்தரங்கம் அப்படியே தெரிந்துவிடும். ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கேனான் தன் ரா கோப்புகளில் கருமைக்குப் பூச்சியத்தைக் கொடாமல் 2048 போன்ற ஓர் எண்ணைக் கொடுத்து, அதற்கு மேலும் கீழும் ஆடும் இரைச்சலை முழுதாகவே விட்டுவைத்தது. நிக்கான் தன் பல கேமராக்களில் கருமையைப் பூச்சியத்தில் நிறுத்தி, அதற்குக் கீழே போனதை வெட்டிவிட்டது. பாதி வெட்டப்பட்ட இரைச்சலையும் முழு இரைச்சலையும் அப்படியே பக்கத்தில் வைத்து அளப்பது நியாயமான ஒப்பீடு ஆகாது. ஒரு பிக்சலை மற்றொரு பிக்சலோடு ஒப்பிடுவதும் அவ்வாறே. சிறிய பிக்சல்கள் நிறைந்த சென்சார் தனித்தனியே பார்த்தால் மோசமாகத் தோன்றும், இரண்டையும் ஒரே அளவில் அச்சிட்டால் அந்தக் குறை பெரும்பாலும் போய்விடும். சென்சாரின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்பதே முக்கியம்: முழுச்சட்டச் சென்சாரின் 864 சதுர மில்லிமீட்டரும், ஏபிஎஸ்-சி என்ற சிறிய வகையின் ஏறத்தாழ 367 சதுர மில்லிமீட்டரும், ஒரே வெயிலில் ஒரே அளவு தூறலைப் பிடிக்கும் கூரைகள் அல்ல.

இத்தனை சூக்ஷ்மமும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மாநிறமும் கருநிறமுமான முகங்களே நம் கல்யாணப் பந்தலில் நிறைந்திருக்கின்றன. வெண்ணிற முகம் திருப்பி அனுப்பும் ஒளியில் ஒரு பகுதியையே கருநிற முகம் திருப்பி அனுப்புகிறது. மணப்பெண்ணின் ஜரிகை வெளுத்துப்போகாதபடி எடுத்த படத்தில், பக்கத்தில் நிற்கும் தாய்மாமனின் கரிய கன்னம் நிழலிலேயே விழுந்துவிடுகிறது. கோயில் பிராகாரத்தில், எண்ணெய் ஏறிய கருங்கல் தூணின் செதுக்கும் அங்கேதான் இருக்கிறது. நிழலில் செய்தியைக் காப்பாற்றும் சென்சார் நமக்கு ஆடம்பரம் அன்று; நம் முகத்தை நம் முகமாகக் காட்டுவதற்கே அது வேண்டியிருக்கிறது.

அந்தப் பின்னறைக்கு மறுபடியும் ஒரு நாள் போனோம். இளைஞர் பழைய கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதே மூலையை அசையாமல் ஒன்பது படம் எடுத்தார். பிறகு மூடியைப் போட்டு இருட்டை ஒன்பது படம் எடுத்தார். முதல் ஒன்பதின் சராசரியில் மணல் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் விழுந்த வரிகள், மணல் விலகியதனாலேயே முன்னைவிடத் துலக்கமாக நின்றன. "இப்ப இருட்டோட சராசரியை இதுலேர்ந்து கழிச்சிடலாம் சார்" என்று அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். வரிகளில் பெரும்பாலானவை போய்விட்டன. கட்டிலின் விளிம்புக்கு மேலே, அலமாரிக் கதவில், அந்தப் பித்தளைக் கொக்கி மங்கலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.