கேளாமல் ஊர் குறிப்பதா?

சங்கரன்கோவில் பூச்சந்தையில் மல்லிகை தன் விலையைத் தானே சொல்ல முடியாது. பந்தாட வந்த பெண்ணும் அப்படித்தானா?

அமெரிக்கத் தேசிய மகளிர் கால்பந்து லீக்கில் 2013 முதல் அதுவே வழக்கம். கல்லூரி வீராங்கனைகளைக் கழகங்கள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும். பொதுவாகப் பின்தங்கிய கழகத்துக்கே முன்னுரிமை. கழகங்களின் பலம் சமமாகும் என்பது வாதம். ஆனால், எந்த ஊர் வேண்டும் என்று அவளைக் கேட்பாரில்லை! 2024-ல் வீராங்கனைகள் சங்கமும் லீக்கும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் அம்முறை ஒழிந்தது.

இந்திய மகளிர் லீக்கில் அது கிடையாது. கழகமும் ஆட்டக்காரியும் நேரே பேசி முடிக்கிறார்கள். 2019-ல் பட்டம் வென்றது மதுரையின் சேது கழகம். ஆகவே சங்கரன்கோவில் மாணவிக்கும் இது எட்டாக்கனியல்ல. சம்பளம், படிப்பு, காயத்துக்குச் சிகிச்சை மூன்றையும் கேட்டறிந்த பிறகே அவள் பேனாவைத் தொடட்டும்!